பெயர் இல்லாத மேற்கோள்

அளந்தவர்கள் – 17

போன வாரம் சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதனோடு நிறுத்தியிருந்தோம். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர், 1948-இல் இங்கிலாந்து மாநாடு ஒன்றில், நூலகத்தின் வேலையையும் கணக்குப் போட்டு அளக்க வேண்டும் என்றார். அதற்கு ‘லைப்ரமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். புத்தகம் எத்தனை கை மாறுகிறது என்று எண்ணத் தொடங்கிய உலகம், கொஞ்ச காலத்திலேயே எழுதியவரையும் எண்ணத் தொடங்கிவிட்டது. அந்தக் கதையைச் சொல்ல இந்த வாரம் கீழ்பென்னாத்தூர் வரை போக வேண்டும்.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற சாலையில் இருக்கிறது ஊர். பஸ் கிளம்பினால் மலை கொஞ்ச தூரம் முதுகுக்குப் பின்னாலேயே வரும். அங்கே என் பழைய நண்பரின் வீடு. நண்பர் இப்போது இல்லை. அவர் மனைவி கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கு இன்றும் ‘நர்சம்மா’தான். மகன் எம்.பி.பி.எஸ். முடித்து, சமூக மருத்துவத்தில் எம்.டி.யும் முடித்து, கல்லூரி வேலை ஒன்றுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தான்.

“மாமா, இந்தக் கட்டத்தப் பாருங்க. மொத்த சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ், ஐ-டென் இண்டெக்ஸ்… எல்லாத்துக்கும் நம்பர் கேக்கறாங்க.”

“இன்னாடா அது, டென்த் மார்க்கா?” என்றார் நர்சம்மா உள்ளேயிருந்து. “டாக்டருக்குப் படிச்ச பிறகுமா டென்த் மார்க் கேக்கறான்?”

சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது ரொம்பத் தப்பில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் ஒரு பையனைப் பற்றி எவ்வளவு சொல்லுமோ, அவ்வளவுதான் இந்த எண்களும் ஓர் ஆய்வாளரைப் பற்றிச் சொல்லும். கொஞ்சம் சொல்லும். அந்தக் கொஞ்சம் எது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பையனுக்கு ஏழு கட்டுரைகள். ஆள் அடையாளம் தெரியாமலிருக்க எண்களை மாற்றிச் சொல்கிறேன்: 31, 9, 6, 5, 2, 1, 0. ஒவ்வொரு கட்டுரையையும் வேறு கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற கணக்கு இது. கூட்டினால் 54. அதுதான் மொத்த சைட்டேஷன். ஹெச்-இண்டெக்ஸுக்குக் கட்டுரைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசையில் நிறுத்த வேண்டும். முதலாவதுக்கு 1 மேற்கோளாவது இருக்கிறதா? இருக்கிறது. இரண்டாவதுக்கு 2? உண்டு. மூன்றாவதுக்கு 3? உண்டு. நான்காவதுக்கு 4? ஐந்து இருக்கிறதே. ஐந்தாவதுக்கு 5? இரண்டுதான். அங்கே நின்றுவிட வேண்டும். ஹெச்-இண்டெக்ஸ் 4. பத்துக்குக் குறையாமல் மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை ஐ-டென். இவனுக்கு அது 1.

ஹெச்-இண்டெக்ஸைச் சொன்னவர் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ், ஆண்டு 2005. ஒரே ஒரு கட்டுரை அதிர்ஷ்டத்தில் ஓடிவிட்டாலும், நூறு கட்டுரையை யாரும் சீண்டாமல் எழுதிக் குவித்தாலும் இந்த எண் ஏறாது. அதுதான் இதன் நல்ல குணம். கெட்ட குணமும் அதிலேயே இருக்கிறது. பையனின் முதல் கட்டுரை 31-க்குப் பதில் 3,100 மேற்கோள் பெற்றிருந்தாலும் விடை அதே 4. ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு கட்டுரையாக எழுதியிருந்தால் இந்தக் கணக்கில் அவர் ஒன்றாம் நம்பர் ஆசாமி. ஒன்றைத் தாண்ட முடியாது.

மேற்கோள்களுக்கு அடைவு போடும் யோசனையே வக்கீல்களிடமிருந்து வந்தது. ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை தள்ளின என்று பார்த்துச் சொல்லும் ‘ஷெப்பர்ட்ஸ் சைட்டேஷன்ஸ்’ என்ற அடைவு அமெரிக்காவில் 1873 முதல் இருந்தது. தள்ளப்பட்ட தீர்ப்பை நீதிமன்றத்தில் காட்டி மானம் போகாமலிருக்க வக்கீலுக்கு அது தேவை. யூஜின் கார்ஃபீல்ட் 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில், அறிவியலுக்கும் இப்படி ஓர் அடைவு வேண்டும் என்று எழுதினார். 1960-களில் அவருடைய நிறுவனம் அதை வெளியிடவும் தொடங்கியது. அவர் முதலில் நினைத்தது தேடும் கருவி: ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதன் வாலைப் பிடித்து அதற்குப் பின் வந்தவற்றையெல்லாம் கண்டுபிடித்துவிடலாம். வழி காட்டச் செய்த விளக்கை ஆளை எடைபோடும் தராசாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ஆளுக்கு ஒரு எண் வந்ததுபோல இதழுக்கும் ஒன்று வந்தது. இம்பாக்ட் ஃபேக்டர். ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோளாயின என்பது அது. அந்த ‘இரண்டு ஆண்டு’ என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

எல்லாத் துறைக்கும் இந்தக் கணக்கு ஏதோ ஒரு வகையில் ஒத்துப்போகும். சுகாதாரக் கொள்கை ஆய்வுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் உண்டு. இயற்பியலாளர் எழுதுவதை இன்னொரு இயற்பியலாளர் படிப்பார், படித்ததை எழுதுவார், எழுதும்போது பெயர் சொல்வார். சுகாதாரக் கொள்கை ஆய்வாளர் எழுதுவதை யார் படிக்க வேண்டும்? செயலாளர், இயக்குநர், மாவட்ட அலுவலர். அவர்கள் கட்டுரை எழுதுவதில்லை. கையெழுத்துப் போடுகிறார்கள். மருந்து வாங்குகிறார்கள். நர்சம்மாவை வெயிலில் அனுப்புகிறார்கள். மேற்கோள் கணக்கு என்பது எழுதுகிற வாசகரை மட்டும் எண்ணுவது. செய்கிற வாசகர் அதில் வரமாட்டார்.

அதனால் இந்தத் துறை ஆய்வாளரை அளக்க நான் ஒரு தலைகீழ் வழி வைத்திருக்கிறேன். கட்டுரையில் தொடங்கி மேற்கோளைத் தேடிப் போகாமல், ஊரில் தொடங்கிக் கட்டுரைக்குத் திரும்பிப் போவது. கீழ்பென்னாத்தூரில் மூன்று பொருள்களை எடுத்துக்கொள்கிறேன்: கதவில் போட்ட ஒரு சாக்பீஸ் குறி, ஓர் அட்டை மாத்திரை, ஓர் அஞ்சலட்டை.

முதலில் சாக்பீஸ். போலியோ சொட்டு மருந்து நாளில் முகாமில் கொடுத்து முடித்த மறுநாள் வீடு வீடாகப் போவார்கள். வீட்டிலுள்ள ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் இடது சுண்டு விரலில் மை இருந்தால் கதவிலோ சுவரிலோ ‘பி’ என்று எழுதுவார்கள். ஒரு குழந்தை விடுபட்டிருந்தாலும் ‘எக்ஸ்’.

“பி போட்ட வீட்டை மறந்துடலாம்ணா. எக்ஸ் போட்ட வீட்டுக்குத்தான் திரும்பத் திரும்பப் போவணும். மல்லாட்டை பிடுங்க காட்டுக்குப் போயிருப்பாங்க, புள்ள கூடப் போயிருக்கும். ஐஸ் பெட்டியத் தூக்கிகினு காட்டுக்கே போவேன்,” என்றார் நர்சம்மா.

இந்தச் சாக்பீஸ் குறியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தால் எங்கே போய்ச் சேர்வோம்? வேலூருக்கு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவராகவும் வைரஸ் ஆய்வாளராகவும் இருந்த டி. ஜேக்கப் ஜானின் மேசைக்கு. குளிர் நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து போதுமானதாக இருந்தது. இங்கே மூன்று தவணை கொடுத்தும் பல குழந்தைகளின் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உண்டாகவில்லை என்று 1972-இல் அவர் எழுதினார். 1976-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில், ஐந்து தவணை கொடுத்தால் என்ன ஆகிறது என்று எழுதினார். அவர் சொன்ன இன்னொரு விஷயம், ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பதைவிட, ஓர் ஊரின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே வேளையில் கொடுப்பது. நாடித் துடிப்புப்போல விட்டு விட்டுக் கொடுப்பதால் அதற்குப் ‘பல்ஸ்’ என்று பெயர். வேலூர் நகரத்தில் இதைச் செய்து பார்த்த விவரம் 1983-இல் அதே இதழில் வந்தது. இரண்டே பக்கம்.

இந்தியா முழுவதும் பல்ஸ் போலியோ 1995-இல் வந்தது. இயற்கையான போலியோ வைரஸால் நாட்டில் கடைசியாகப் பாதிக்கப்பட்டவர், 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் கண்ட சிறுமி. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசிய வட்டாரமே போலியோ அற்றது என்று சான்று தந்தது. கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி மருந்தும் வேண்டும் என்று ஜேக்கப் ஜான் பல காலம் வாதாடிவந்தார். அது நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்குள் 2015-இல்தான் நுழைந்தது.

இம்பாக்ட் ஃபேக்டர் பார்க்கும் ஜன்னலின் அகலம் இரண்டு ஆண்டு. 1972-ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் 1995-க்கும் நடுவே 23 ஆண்டு.

இதில் ஒரு நேர்மையும் வேண்டும். பல்ஸ் போலியோ முழுவதும் வேலூரில் முளைத்தது என்று சொன்னால் பொய். கியூபா 1962-லேயே நாடு முழுவதும் ஒரே சமயத்தில் சொட்டு மருந்து கொடுத்தது. பிரேசில் 1980-இல் தேசியத் தடுப்பு மருந்து நாள்களைத் தொடங்கியது. எந்த யோசனை எந்த அலுவலகத்துக்கு எந்த வழியாக வந்தது என்று பிரித்துச் சொல்வது, கலந்த பிறகு ஆற்றில் எந்தத் தண்ணீர் எந்த ஓடையுடையது என்று கேட்பதுபோலத்தான். ஆனால் இந்த நாட்டுக் குழந்தைக்கு மூன்று தவணை போதாது என்பதை எண்ணிப் பார்த்து எழுதிவைத்த இடம் எது என்பதில் குழப்பம் இல்லை. நர்சம்மா மறுபடி மறுபடி சொட்டு மருந்து கொண்டுபோனதற்கான காரணம் அந்தத் தாள்களில் இருக்கிறது.

இரண்டாவது, மாத்திரை அட்டை. காசநோய் வந்தவர் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தபடியே குணமாகிறார். இது நமக்குச் சாதாரணமாகிவிட்டது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே இன்றும் அதுதான். படுக்கைகள் சில ஆயிரம், நோயாளிகள் பல லட்சம்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்து ஆய்வு நிலையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்தியது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் வந்தார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு. மீதிப்பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளுக்கே, மாத்திரையோடு. இரு பக்கமும் ஓராண்டுக்கு அதே மருந்து. வீட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு குறைவு, ஓய்வு குறைவு, இடமும் குறைவு. முடிவில் பார்த்தால் குணமானதில் பெரிய வேறுபாடு இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் அதனால் நோய் தனியாகக் கூடவில்லை.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இது வந்தது. ஏறக்குறைய நூறு பக்கம். சானடோரியத்தின் காலம் முடியத் தொடங்கியதற்கு உலகமெங்கும் காட்டப்படும் ஆதாரங்களில் ஒன்று இது. இப்போது அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் பெயரைத் தேடுங்கள். ‘காசநோய் மருந்து ஆய்வு நிலையம், சென்னை’. அவ்வளவுதான். ஆள் பெயர் கிடையாது. நோயாளியின் வீட்டுக்குப் போய் மாத்திரை எண்ணிய செவிலியர்கள், சளியைப் பரிசோதித்தவர்கள், கணக்குப் போட்டவர்கள், ஃபாக்ஸ், எல்லோரும் ஒரு கட்டடத்தின் பெயருக்குள் போய்விட்டார்கள். பையன் நிரப்புகிற படிவத்தில் இந்தக் கட்டுரையை யார் கணக்கில் எழுதுவது? கட்டடத்துக்கு ஹெச்-இண்டெக்ஸ் போட்டு யாருக்குப் பதவி உயர்வு தருவது?

காசநோயை எண்ணிப் பார்த்து வழி சொல்லும் சென்னையின் பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. 2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ வந்தது. நோய் என்று தெரிந்த அன்றே ஆள் மிக மெலிந்திருக்கிறாரா, கால் வீக்கம் உண்டா, மூச்சு வேகமா, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவா, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது. எக்ஸ்ரே வேண்டாம், பெரிய டாக்டர் வேண்டாம். எடை பார்க்கும் கருவியும் விரலில் மாட்டும் கருவியும் போதும். வீட்டிலேயே குணமாகலாம் என்று 1959-இல் சொன்ன நகரம், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சென்னை ஆய்வாளர்களும் மாநில அலுவலர்களும் சேர்ந்து செய்த வேலை இது. இங்கே திட்டம் முன்னால் நடக்க, கட்டுரை பின்னால் வந்தது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. அஞ்சலட்டை.

1989 செப்டம்பர் 30 வரை திருவண்ணாமலை தனி மாவட்டமில்லை. கீழ்பென்னாத்தூரும் வட ஆர்க்காடுதான். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதருக்கு வந்திருப்பதை இந்தியாவில் முதன்முதலாகக் கண்டுகொண்டது 1955-இல், வேலூரில். ஆனால் ஒரு நோய் ஓரிடத்தில் தலைகாட்டினால் மாவட்டத் தலைநகருக்குத் தெரிய எவ்வளவு நாள் ஆகும்? அரசு மருத்துவமனைக்கு வந்தவர் கணக்கு அரசிடம் இருக்கும். தனியார் டாக்டரிடம் போனவர் கணக்கு அந்த டாக்டரின் மனசுக்குள் இருக்கும்.

ஜேக்கப் ஜானும் அவருடைய சகாக்களும் இதற்குக் கண்டுபிடித்த கருவி அஞ்சலட்டை. குறிப்பிட்ட சில நோய்களின் பெயர் முன்னதாகவே அச்சிட்டிருக்கும், முகவரியும் அச்சிட்டிருக்கும். டாக்டர் நோயைக் கண்டால் விவரம் எழுதித் தபால்பெட்டியில் போட வேண்டியதுதான். அரசு டாக்டரும் எழுதலாம், தனியார் டாக்டரும் எழுதலாம். வந்த அட்டைகளைத் தொகுத்து மாதம் ஒரு செய்தி இதழாக அடித்து, எழுதிய டாக்டர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். நான் போட்ட அட்டை எங்கேயோ போய்ச் சேர்ந்து எண்ணப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த அட்டையைப் போடுவார்? இந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் தமிழில் படித்தால் ‘நதி’ என்று வரும்.

1998-இல் ‘லான்செட்’ இதழில் இதை ஒரு முன்மாதிரியாக எழுதினார்கள். அதன் பின் கேரளத்தில் கோட்டயம் மாவட்டம் இதே போன்ற கண்காணிப்பைச் செய்து பார்த்தது. 2004-இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று அட்டை இல்லை. செல்போனிலும் கணினியிலும் பதிவேற்றுகிறார்கள். டெங்கு வந்த தெருவுக்கு மறுநாள் கொசுவுக்குப் புகை அடிக்கும் வண்டி வருகிறதென்றால் அதற்குப் பின்னால் யாரோ அனுப்பிய ஒரு வரி இருக்கிறது.

‘லான்செட்’ கட்டுரைக்கு எத்தனை மேற்கோள் என்று இணையத்தில் யாரும் பார்த்துவிடலாம். அட்டை எழுதிய டாக்டர்களுக்கு எத்தனை?

இப்போது விஷயத்தின் நடுவுக்கு வருகிறேன். அரசு மேற்கோளே காட்டுவதில்லை என்று நினைத்துவிட வேண்டாம். நம் அரசு அலுவலகத்தைப்போல மேற்கோள் காட்டுகிற இடம் உலகத்தில் குறைவு. எந்த அலுவலகக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். ‘பொருள்’ என்று ஒரு வரி. அதன் கீழே ‘பார்வை’ என்று ஒரு பட்டியல். அரசாணையில் ‘படிக்கப்பட்டவை’. ஒன்று, இந்த நாளிட்ட இந்த அரசாணை. இரண்டு, இயக்குநரின் இந்த எண் கடிதம். பிறகு உடலில், ‘பார்வை 2-இல் காணும் கடிதத்தில்’ என்று தொடங்கும். எந்த ஆய்விதழும் தோற்றுப்போகும் ஒழுங்கு. ஆனால் அந்தப் பட்டியலில் தாளுக்குத் தாள்தான் சாட்சி. இயக்குநரின் கடிதம் வரை வந்த கட்டுரை, அந்தக் கடிதத்துக்குள் ஒரு யோசனையாகக் கரைந்து, அரசாணைக்கு வரும்போது கடித எண்ணாகிவிடும். எழுதியவர் பெயர் வழியில் எங்கோ இறங்கிக்கொள்ளும்.

கொள்கை ஆவணங்களில் எந்தெந்த ஆய்வுக் கட்டுரை பேசப்படுகிறது என்று தேடும் ‘ஓவர்ட்டன்’ போன்ற தொகுப்புகள் இப்போது வந்திருக்கின்றன. நல்ல முயற்சி. ஆனால் கட்டுரையின் பெயர் ஆவணத்தில் இருந்தால்தானே அகப்படும்? பார்வை 2-க்குள் புதைந்திருப்பதை எந்த இயந்திரம் தோண்டும்? பிரிட்டன் வேறொரு வழி பார்த்தது. பல்கலைக்கழகங்களை மதிப்பிடும்போது, உங்கள் ஆய்வால் வெளியில் என்ன மாறியது என்று கதையாக எழுதி, ஆதாரமும் காட்டச் சொன்னது. 2014-இல் மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதற்கு. 2021-இல் 25 சதவீதம். எண் போதாது என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டு கதை கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. கதை எழுதித் தரவே தனி ஆள் வைத்துக்கொண்டார்கள் என்பது அதன் பின்கதை.

தமிழில் இது புதிய சிக்கல் இல்லை. தொல்காப்பியர் தமக்கு முன் இருந்தவர்களை வரிக்கு வரி மேற்கோள் காட்டுகிறார். எப்படி? ‘என்ப’ என்று. யார் என்ப? பெயர் கிடையாது. முன்னோர் சொன்னார்கள், அவ்வளவே. உரையாசிரியர்கள் பின்னால் நூற்பெயரோடும் பெயரில்லாமலும் எடுத்துக்காட்டினார்கள். அவர்கள் எடுத்துக்காட்டியதால் மட்டுமே மிஞ்சிய பாடல்கள் எத்தனையோ. தகடூர் யாத்திரை முழு நூல் நம்மிடம் இல்லை, மேற்கோளாகவும் தொகை நூலிலும் வந்த சில பாடல்களே உள்ளன. மேற்கோளின் முதல் வேலை அது: ஒன்றைச் சாகவிடாமல் அடுத்தவர் கையில் கொடுப்பது. பெயர் சொல்லிக் கொடுத்தால் நன்று. பெயரில்லாமலும் அந்த வேலை நடக்கும். சுகாதாரக் கொள்கை ‘என்ப’ மரபைச் சேர்ந்தது.

அப்படியானால் எண்ணே வேண்டாமா? அங்கே நான் அவசரப்பட மாட்டேன். எண் இல்லாத காலத்தில் வேலை கிடைத்தது யாருக்கு என்று நமக்குத் தெரியும். யாருடைய மாணவர், யாருடைய உறவு, யாருடைய சாதி என்று கேட்ட இடத்தில், ‘என்ன எழுதியிருக்கிறாய், யார் படித்தார்கள்’ என்று கேட்பது முன்னேற்றம்தான். தனி ஆளை விட்டுவிட்டு நாட்டையே அளக்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகப் பேசும். சென்னையிலிருந்து பணியாற்றிய தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாச்சலம் அதைக் காட்டியவர். அவரும் சுப்பையா குணசேகரனும் 2002-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை, உலகக் காசநோய்ச் சுமையில் ஏறத்தாழக் கால் பங்கு இந்தியாவில் இருக்க, காசநோய் ஆய்வுக் கட்டுரைகளில் இந்தியாவின் பங்கு ஐந்தாறு சதவீதம்தான் என்று எண்ணிச் சொன்னது. இது ஒருவருக்குப் பதவி உயர்வு தர எண்ணிய எண் இல்லை. நோய் எங்கே, ஆய்வு எங்கே என்று கேட்க எண்ணிய எண். 2016-இல் சமீரன் நந்தி முதலிய மருத்துவர்கள் இன்னொரு கணக்கு எடுத்தார்கள். இந்தியாவின் 579 மருத்துவ நிறுவனங்களில் 332-இலிருந்து, 2005 முதல் 2014 வரை பத்தாண்டுகளில் ஒரு கட்டுரைகூட வரவில்லை. கிட்டத்தட்ட 57 சதவீதம். ஆண்டுக்கு நூறு கட்டுரைக்கு மேல் எழுதியவை வெறும் 25.

இந்த வறட்சிக்கு நாம் கொடுத்த மருந்துதான் வேடிக்கை. எழுதாதவர்களை எழுதவைக்கப் பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்றார்கள். உடனே காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. தங்கள் கட்டுரைகளைத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொள்வது, நான்கு பேர் வளையம் போட்டு மாற்றி மாற்றிக் காட்டிக்கொள்வது என்று மொய் எழுதும் வழக்கமும் வந்தது. கல்யாணத்துக்கு எழுதிய மொய் திரும்பி வரும். அதற்காக மொய் நோட்டைக் காட்டி என்னை ஊரே நேசிக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

பையன் படிவத்துக்குத் திரும்புவோம். அவனுடைய 31 மேற்கோள் கட்டுரை, ஏற்கெனவே பலர் எழுதியதைத் தொகுத்தது. தொகுப்புக் கட்டுரைகளுக்கு மேற்கோள் எப்போதும் கூடுதலாக விழும். தேடுகிறவருக்கு ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்குமே. கடைசியில் நின்ற பூஜ்யக் கட்டுரை, முதுநிலை மாணவனாக இருந்தபோது தன் ஊர்ப் பக்கத்தைப் பற்றி எழுதியது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியது. போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனானாம். நர்சம்மா கூட வந்தால்தான் கதவு திறக்கும் என்பதால்.

படிவத்தில் நம்பர்களை நிரப்பினான். 54. 4. 1. அடுத்த கட்டத்தில் சிறந்த ஐந்து கட்டுரைகளைத் தரச் சொல்லியிருந்தார்கள்.

“நாலு சரியாயிடுச்சு மாமா. அஞ்சாவதா ரெண்டு சைட்டேஷன் இருக்கிறதப் போடறதா, இந்த ஜீரோவப் போடறதா?”

நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த நர்சம்மா கேட்டார்: “ஜீரோன்னா இன்னா? யாரும் இன்னும் வரலைன்னு அர்த்தமா?”

“ஆமாம்மா. யாரும் எடுத்துச் சொல்லல.”

“அது எக்ஸ் போட்ட வூடுதானே. அதையே போடு.”

அவன் அதையே போட்டான்.

(அடுத்த வாரம்: மாத்திரையை எண்ணியவர்கள். ஒரு மாநிலத்துக்குத் தேவையான மருந்தை மொத்தமாக வாங்க 1990-களில் தமிழ்நாடு அமைத்த கழகத்தின் கதை.)